தீபாவளிக்கு முன் கழுவிய சுவர்

இதில் நான் நல்லவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே வரும்போது "பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்" என்று யாராவது எனக்காக இரக்கப்பட்டுவிடக் கூடாது. முதல் அரை நாள்தான் தெரியாமல் செய்தேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் ஜெட் மெஷின் வாங்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது புரட்டாசி மாதத்தில். வீட்டில் கவிச்சி கிடையாது, சமையல் சீக்கிரம் முடிந்துவிடும். கைக்கு வேலை இல்லையென்றால் என் கண் குற்றம் தேட ஆரம்பித்துவிடும். மாசாயில் எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றடித்தால் ஒரு கருந்தூள் வந்து எல்லாவற்றின்மீதும் உட்காரும். மழை பெய்தால் அது சுவரில் கோடு கோடாக இறங்கும். கார் நிறுத்தும் போர்ச்சின் தரையில் பச்சைப் பாசி வேறு. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. வருகிறவர்கள் பலகாரத்தைப் பார்ப்பதற்கு முன் வாசலைத்தானே பார்ப்பார்கள்?

"ஒரு பிரஷ், ஒரு பாக்கெட் சோப்புத் தூள், போதாதா?" என்றார் என் கணவர். அவர் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர். எல்லைப் பாலத்தில் நிற்கும் நேரம் போக மிச்சம் இருப்பதைத்தான் வீட்டில் செலவிடுவார்.

"பிரஷ் புடிக்கிறது உங்க கையா, என் கையா?" என்று கேட்டேன். அதோடு அவர் விட்டுவிட்டார். போகும்போது, "வாங்கு, ஆனா ரெண்டு நாள்ல படிக்கட்டுக்கு அடியில போயிடும். அப்ப நான் ஏதும் சொல்லமாட்டேன்" என்றார். ஏதும் சொல்லமாட்டேன் என்று சொல்கிறவர்கள்தான் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த மெஷினில் நான் தோற்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பிற்பாடு நடந்ததற்கு இந்த வீம்பும் ஒரு காரணம்.

ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். எத்தனை பார் அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மோட்டார் சூடானால் தானே நிற்குமா, டிரம்மில் இருந்து தண்ணீரை இழுக்குமா. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் சில நாள் நூல் மாதிரி வரும், அதனால் கடைசிக் கேள்வி முக்கியம். பிறகு பெர்மாஸ் ஜெயாவில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே மூன்று மெஷின்களை இறக்கி வைத்தார். சின்னது காருக்கு. நடுவில் உள்ளது வீட்டுக்கு. பெரியது பட்டறைக்காரர்கள் வாங்குவது. நான் பெரியதைக் காட்டினேன்.

அவர் என்னை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்திருக்கலாம். ஆனால் மனுசன் நிதானமாகத் தண்ணீர் வரும் முனைகளான நான்கு நோசல்களையும் கல்லாப் பெட்டிமேல் வரிசையாக வைத்தார். அவருடைய மலாயும் என்னுடைய மலாயும் கலந்த பேச்சில் எல்லாம் விளக்கினார். வெள்ளை, தண்ணீரை விசிறி மாதிரி விரிக்கும். பெயிண்ட் பூசின சுவருக்கு அதுதான். பச்சை தரைக்கு. மஞ்சள் பிடிவாதமான அழுக்குக்கு. சிவப்பு, தண்ணீரை ஒரே ஊசியாக அடிக்கும். கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு பழைய பலகைமேல் சிவப்பை அடித்தும் காட்டினார். பலகையில் பள்ளம் விழுந்தது. "சுவரில் மட்டும் வேண்டாம், அக்கா," என்று கையை ஆட்டிச் சொன்னார்.

அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. கேட்டேன், தலையாட்டினேன், சிரித்தேன்கூட.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தேன். ஹோஸை மாட்டி, சுவிட்சைப் போடுவதற்கு முன் மெஷினின் துப்பாக்கியை அழுத்தி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, பழைய ஜப்பான் சிலிப்பருக்குப் பதிலாகக் கணவரின் மழை பூட்சைப் போட்டுக்கொண்டு, எல்லாம் வீடியோவில் காட்டியபடியே. பச்சை நோசல். முதல் இழுப்பிலேயே தரையில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைச் சிமெண்டு தெரிந்தது. பத்து வருடம் அந்தத் தரையில் நடந்திருக்கிறேன், அதன் உண்மையான நிறம் எனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? வாய்விட்டுச் சிரித்தேன். தரை முடிந்தது, படி முடிந்தது, கேட் முடிந்தது, வாசல் கால்வாயின் ஓரம்கூட முடிந்தது. கை நிற்கவில்லை.

அப்புறம் சுவர்.

அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சாஆ ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் இங்கே வந்து, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பெயிண்ட் வேலை எடுக்க ஆரம்பித்தார். மற்ற மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலை கிடைக்கும். அவருக்கு வருடமே தீபாவளிக்கு முந்தைய அந்த ஒரு மாதம்தான். அதில் வீடு பிடித்தால்தான் மீதி மாதங்களைத் தள்ளமுடியும். போன வருடம் எங்கள் வீட்டு முன்பக்கத்தை அவர்தான் அடித்தார். மூலையில்கூடத் தூரிகைக் கோடு தெரியாத வேலை. டீ குடிக்கும்போது, "இனிமே எவன்கிட்டயும் போய் கார்டு பஞ்ச் பண்ணமாட்டேன் அக்கா" என்று சொன்னார். சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது.

சுவரில் அழுக்கு பச்சை நோசலிலேயே பெரும்பாலும் போய்விட்டது. ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு கறுப்புக் கோடு மட்டும் நகரவில்லை. நான் விட்டிருக்கலாம். பிரஷ்ஷால் தேய்த்திருக்கலாம். சிவப்பை எடுத்து மாட்டினேன். ஒரு சாண் தூரத்தில் வைத்து அழுத்தினேன்.

கோடு போய்விட்டது. கூடவே பெயிண்டும் போனது. நான் உடனே நிறுத்தவில்லை. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டுவதற்குள் கை இடமும் வலமும் நாலைந்து தடவை வீசிவிட்டது. வீசின வாக்கில் வளைவு வளைவாகச் சாம்பல் சிமெண்டு தெரிந்தது. உரிந்த ஓரத்துக்குள் தண்ணீர் புகுந்து, பெயிண்ட் ஒரு கதவளவுக்குத் தோல் மாதிரி தொங்கியது.

மெஷினை அணைத்தேன். அந்தச் சத்தம் நின்றதும் எதிர்வீட்டுக் கேட் திறந்தது. எதிர்வீட்டு அக்காதான் எங்கள் தெருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர். தெருவில் பூனை குட்டி போட்டால்கூட அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"அலமாக்! என்ன இது, செவுரு இப்படி ஆயிருச்சு?"

என் வாய் முந்திக்கொண்டது. "பாருங்களேன்க்கா. ஒரு வருசம்தான் ஆச்சு. தண்ணி பட்டதும் உரியுது."

இதைச் சொல்லவேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மெஷின்மேல் குற்றம் இல்லை, என்மேல் குற்றம் இல்லை. கணவர் சொல்லிக்காட்ட ஒன்றும் இல்லை.

"அந்தத் தம்பிதானே அடிச்சது? தண்ணிய கலந்து அடிச்சிருப்பான் லா. நாங்களும் இந்த வாரம் அவனத்தான் கூப்பிட்டு வச்சிருக்கோம்." சொல்லிக்கொண்டே கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தார். சுவரில் தண்ணீர் காய்வதற்குள் அது குழுவில் ஏறிவிட்டது. யாரோ ஒருவர், "உண்மையாவா? அவரு நல்லா செய்வாரே" என்று கேட்டிருந்தார். அதற்கு நான் என் கையால் பதில் எழுதினேன்: "நேர்ல வந்து பாருங்க. நம்பிக் குடுத்தது என் தப்பு."

மத்தியானமாயிற்று. கணவர் வேலையிலிருந்து வருவதற்குள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் போல் இருந்தது. மெஷினைப் பின்பக்கம் இழுத்துப் போனேன். சமையலறைக்குப் பின்சுவர் என் கணவரே வேறொரு டின் வாங்கி, முன்பு ஒரு விடுமுறையில் அடித்தது. வெள்ளை நோசலை மாட்டி இரண்டு முழம் தள்ளி நின்று அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சிவப்பை மாட்டி ஒரு சாணில் வைத்தேன். அதே வளைவு, அதே சாம்பல் சிமெண்டு. முன்பக்கம் போய் உரியாத இடத்தில் வெள்ளையைத் தள்ளி நின்று அடித்துப் பார்த்தேன். தம்பியின் பெயிண்ட் அசையவில்லை, பளபளவென்று நின்றது.

அப்போது மணி நான்குகூட ஆகியிருக்காது. தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது. கைப்பேசி சட்டைப் பையில்தான் இருந்தது. "தப்பு என்மேல், மெஷினைக் கிட்டத்தில் பிடித்துவிட்டேன்" என்று எழுத அரை நிமிடம் ஆகுமா? எடுத்தேன். குழுவில் அதற்குள் இருபது செய்திகள். "நல்லவேளை சொன்னீங்க." "நாங்க வேற ஆள் பாத்துக்குறோம்." "தேங்க்யூ சிஸ்டர்." தேங்க்யூ என்று சொல்லியிருக்கிறவர்களிடம் எப்படிப் போய் நான் ஒரு மடச்சி என்று சொல்வது? கைப்பேசியைத் திரும்பப் பையில் போட்டேன். பின்சுவரில் உரிந்த இடத்தை எரிவாயு சிலிண்டர்த் தோம்பை நகர்த்தி மறைத்தேன். வெட்கக்கேடு.

மறுநாள் காலை தம்பி வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. அவர் குழுவில் இல்லை, அந்தப் படத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் சுரண்டும் தகடு, பட்டி டின், சீலர், ரோலர் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. சுவர் முன்னால் போய் நின்றார். உரிந்த ஓரத்தை நகத்தால் நெருடினார். வளைவுகளின்மேல் கையை வைத்து மெதுவாக வீசிப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த மெஷினைப் பார்த்தார்.

"அக்கா, இத எவ்வளவு தூரத்துல புடிச்சீங்க?"

"ரெண்டு மூணு அடி இருக்கும் தம்பி."

"எந்த நோசல்?"

"வெள்ளை."

அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தேன். "சரிங்க அக்கா," என்று சொல்லிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார்.

அன்றும் மறுநாளும் வேலை நடந்தது. உரிந்த இடம் மட்டுமல்ல, நிறம் ஒட்டாமல் தெரியும் என்று முழுச் சுவரையும் திரும்ப அடித்தார். கூலி வாங்கவில்லை. நான் நூடுல்ஸ் வறுத்து மீ கோரெங் செய்து கொடுத்தேன், இரண்டு வேளையும் டீ கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. கணவர் அவரிடம், "நல்ல மனசு தம்பி உங்களுக்கு, வேற ஆளா இருந்தா போனையே எடுக்கமாட்டான்" என்றார். தம்பி சும்மா சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். கணவரிடமாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் கேலிதான் செய்திருப்பார், தலையையா வெட்டியிருப்பார்?

கிளம்பும்போது தம்பி ரோலரைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அக்கா, ஒரு உதவி. தீபாவளிக்குள்ள அடிக்க எடுத்திருந்த அஞ்சு வீடு வேணாம்னு சொல்லிட்டாங்க. குரூப்ல நீங்க ஒரு வார்த்தை போட்டீங்கன்னா..."

"கண்டிப்பா போடுறேன் தம்பி. இப்பவே போடுறேன்."

போட்டேன். அவர் முன்னாலேயே எழுதினேன். "தம்பி வந்து சுவரை முழுசா சரி பண்ணிக் கொடுத்துட்டாரு. ரொம்ப நன்றி." புதுச் சுவரின் படத்தையும் போட்டேன். அவருக்குக் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நான் என்ன எழுதியிருந்தேன் என்பது, எதிர்வீட்டு அக்காவின் பதில் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "தப்ப ஒத்துக்கிட்டு வந்து செஞ்சிருக்கான், பரவாயில்ல. ஆனா நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவ அடிக்கிற மாதிரி ஆளு வேணாம் லா." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சரி செய்தார் என்றால் அதற்கு முன் கெடுத்தார் என்றுதானே அர்த்தம்? அந்த மனுசன் கூலி வாங்காமல் செய்த இரண்டு நாள் வேலையை வைத்தே அவருடைய பெயருக்கு நான் முத்திரை குத்திவிட்டேன். அப்போதும் நாள் இருந்தது, பதினைந்து நாள். முறுக்கு பிழிந்தேன், அச்சு முறுக்கு சுட்டேன், திரைச்சீலை துவைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். சீனப் பெயிண்டர் ஒருவர் ஆட்களோடு வந்து எதிர்வீட்டை மூன்றே நாளில் அடித்துவிட்டுப் போனார்.

தீபாவளி நன்றாகத்தான் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலைப் பாராட்டினார்கள். "தரை கண்ணாடி மாதிரி இருக்கே, சுவரு புதுசா?" என்றார்கள். சந்தோஷப்படவேண்டிய நாளில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அது முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வருகிறேன். தாமான் முனையில் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டத்தில் தம்பி நிற்கிறார். நீல யூனிபார்ம், கழுத்தில் அட்டை. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றார். அந்த 'வாங்கக்கா'வுக்கு அப்புறம் என்னால் அவரைத் தாண்டிப் போகமுடியவில்லை. மார்க்கெட் பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த ரோட்டோரத்திலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு நோசல், ஒரு சாண், பின்சுவர், எரிவாயுத் தோம்பு, எல்லாம். அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற நேபாளிப் பையன்கள் தள்ளிப் போய் நின்றார்கள்.

"தெரியும்க்கா," என்றார் தம்பி. "பெயிண்ட் மோசம்னா பொரிபொரியா கெளம்பும். அது கை வீசுன மாதிரி உரிஞ்சிருந்துச்சு. பாத்தவுடனே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் தம்பி அடிச்சுக் குடுத்தீங்க? என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே?"

"சண்டை போட்டா, வேல தெரியாதவன், வாய் வேறன்னு பேரு வரும். சரி பண்ணிக் குடுத்தா நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்." அவர் அதைக் குத்திக்காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. நினைத்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"இன்னிக்கே குரூப்ல எழுதிடுறேன் தம்பி. சத்தியமா. எல்லாரும் உங்களத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"எழுதுங்க," என்றார். பஸ் வந்துவிட்டது. அட்டையைச் சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா தீபாவளி முடிஞ்சிருச்சுல்லக்கா. இப்ப யாரு பெயிண்ட் அடிப்பா?"

வீட்டுக்கு வந்து, பையில் இருந்த மீனைக்கூட எடுத்து வைக்காமல் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது, அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன், தம்பியின் வேலையில் ஒரு குறையும் இல்லை, எல்லாரும் அவரையே கூப்பிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன் என்று நீளமாக எழுதினேன். அனுப்பினேன். திட்டட்டும் என்று நினைத்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும்.

யாரும் திட்டவில்லை. எதிர்வீட்டு அக்கா சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு, "பரவால்ல லா, எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு மூன்றாவது வீட்டுத் தங்கச்சி எழுதினாள்: "அக்கா, அவ்ளோ பவரா அந்த மெஷின்? எங்க வாங்குனீங்க?"

அதற்குப் பிறகு குழுவில் எல்லாரும் அதையே கேட்டார்கள்.